ஏழாம் குழியின் மூலைகள்

மண்ணெடுக்கும் குழாயைக் காலால் மிதித்து இறக்குகிறாள்
ஈப்போவிலிருந்து வந்த மிஸ் ஓங்.
மேலே கறுப்பு மண்.
கீழே விரல் நீளத்துக்கு ஆற்றுமணல்.
"இதுவும் கிரீன்தான்" என்கிறாள்,
வெறும் மாட்டுப்புல் மண்டிய இடத்தில்.
ஒரு வெள்ளைக் கொடி குத்துகிறாள்.
நாலெட்டு தள்ளி இன்னொன்று.

சுங்கை கெருயிங் கிளப்பில்
உறுப்பினர்கள் எழுபத்திரண்டு பேர், கருத்துகள் நூறு.
பல் டாக்டருக்கு மணல்குழி கூடாது.
டத்தோ குணசீலனுக்கு ஒரு நீரூற்று வேண்டும்,
ராத்திரியில் நிறம் மாறுவதாக.
அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை.
குழாயை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

மில் சங்கு ஊதும்போது
நாற்பத்தொரு கொடிகள்.
பம்ப் ஹவுஸ் கூரைமேல் ஏறிப் பார்த்தேன்.
நான் வட்டமென்று வெட்டிக்கொண்டிருந்தது
சதுரம்.
ஒரு மூலை மட்டும்
செம்பனைப் பள்ளத்தை எட்டிப் பார்க்கும் சதுரம்.

"யார் இப்படிச் சுருக்கினது?"
என்னைக் கேட்கவில்லை. வரைபடத்தைக் கேட்டாள்.

நான்தான் மிஸ்.
பத்தொன்பது வருஷம், காலை ஆறரைக்கு,
பனி காயுமுன் மெஷினைத் திருப்பியவன்.
மூலையில் சட்டென்று திருப்பினால் புல் கிழியும்,
கிழிந்தால் மேனேஜர் கத்துவார்.
ஒரு விரற்கடை உள்ளே வளைத்தேன்.
மறுநாள் அந்த வளைவுதான் எல்லை.
மறுவருஷம் அதற்குள்ளே ஒரு விரற்கடை.
திருடியவனுக்கே தெரியாத திருட்டு,
திருடியதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனா, நினைவில்லை.
அவள் பின்பக்கத்து மேட்டுக்குப் போய்விட்டாள்.
குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் அதன் முதுகைத் தடவினாள்.
"பந்தை எப்படித் தள்ளிவிடுது பாருங்க சன்னாசி.
அந்தக் காலத்து ஆள் ரொம்ப யோசிச்சிருக்கான்."
ரஃபிகுல் என்னைப் பார்த்தான்.
நான் வானத்தைப் பார்த்தேன்.

குழாய் இறங்கியது. டங்.

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது?
தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால் தண்ணீர்க் குழாய் வெடித்தது.
தோண்டிய மண்ணை அள்ள லோரி இல்லை,
லோரியெல்லாம் குலை ஏற்றிக்கொண்டு மில்லில்.
வீராப்பனும் நானும் அங்கேயே குவித்து
மேலே புல்லைப் போட்டு மூடினோம்.
உள்ளே ஒரு மண்வெட்டி, ரெண்டு மைலோ டின்,
அவனுடைய இடதுகால் பூட்ஸ்.
அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடினோம்.

மிஸ் ஓங் சிரித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.
பிறகு வரைபடத்தில்
அந்த மேட்டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு:
தொடாதே.
"யாரு போட்டா என்ன, பந்து நல்லா உருளுது."

புதுப்புல் வியாழக்கிழமை வருகிறது, பெட்டி பெட்டியாக.
அருகம்புல்லின் பணக்காரத் தம்பி,
தினமும் ரெண்டு வேளை தண்ணீர் கேட்கும்.
கிளம்பும்போது அவளை நிறுத்திக் கேட்டேன்:
மூலையில் கிழியாமல் எப்படித் திருப்புவது?
"வெளியே போய்த் திருப்புங்க."
அவ்வளவுதான்.
இவ்வளவு வருஷத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை,
நானும் ஒருத்தரையும் கேட்டதில்லை.

இன்று காலை ஆறரை.
வெட்டப் புல்லே இல்லை, வெறும் செம்மண்.
எஞ்சினைப் போடாமல் மெஷினைத் தள்ளுகிறேன்,
கொடியைத் தாண்டி
இன்னும் ரெண்டெட்டு தாண்டி
பள்ளத்து ஓரம் வரைக்கும் போய்
அங்கே திருப்புகிறேன்.