முதலெழுத்து

எங்கள் பதிவேட்டில் பெயர்கள் கிடையாது.
அம்மா பெயரில் முதலெழுத்து,
அப்பா பெயரில் முதலெழுத்து,
பிறந்த வருடம்.
அவ்வளவுதான் கேட்போம்,
ஓஷ் நகரச் சந்தைக்குப் பின்னால் ஆற்றோரம்
என்ஜினை அணைக்காமல் நிற்கும் வேனில்.
அணைத்தால் இந்தக் குளிரில் மறுபடி கிளம்பாது
என்பான் சோவெத்பெக்.

அரசாங்கத்திடம் இன்னொரு பதிவேடு இருக்கிறது.
அதில் முழுப்பெயர்.
ஏறியவன் வண்டி ஓட்ட முடியாது.
தெருமுனையில் எர்மெக், காக்கித் தொப்பி,
சட்டைப்பைகளைத் தடவுவான்:
புது ஊசிக்கு இருநூறு சோம்,
பழையதற்கு ஐந்நூறு.
அதனால் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதில்லை.
நாலு பேருக்கு ஒன்று.

ஜூ-க-74
முன்பு டிராலிபஸ் ஓட்டியவர்.
செவ்வாய்தோறும் நாற்பது வாங்கிப்போவார்.
அடுத்த செவ்வாய் நாற்பதும் திரும்பும்
தண்ணீர் பாட்டிலில், மூடி இறுக்கி.
ஒருமுறை முப்பத்தொன்பது.
எண்ணி முடித்த கையோடு
வந்த வழியே பனியில் திரும்ப நடந்தார்.
பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதை, என்றார்.

பிப்ரவரியில் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் விழுந்தார்.
பக்கத்து வீட்டுக்காரிக்கு
ஆம்புலன்ஸ் எண் தெரியும்.
ஆம்புலன்ஸோடு போலீஸும் வரும் என்பது
அதைவிட நன்றாகத் தெரியும்.
உள்ளே அவள் மகன் இருந்தான்.
உதடு நீலமாகிறவரைக்கும்
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
மூக்கில் ஒரு பீச்சு போதும், மூச்சு திரும்பிவிடும்.
அந்த மருந்து வேனில் இருந்தது.
வேன் ஆற்றோரத்தில்.

பெண்கள் அங்கே நிற்பது வழக்கமில்லை.
வேன் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டேன்.
எப்படிப்பட்ட மனிதர், என்றார் இமாம்.
நல்லவர், என்றன ஆறு குரல்கள்.
யாருக்காவது கடன்பட்டிருக்கிறாரா?
சோவெத்பெக் என் பக்கம் பார்த்தான்.
நாற்பது ஊசி.
யாருக்கும் இல்லை, என்றான்.
அன்றைக்குத்தான் அவர் பெயர் எனக்குத் தெரிந்தது.
இங்கே எழுத மாட்டேன்.

ஆம்புலன்ஸோடு போலீஸ் வர வேண்டாம்.
இந்த ஒரு வரிக்காக
அமைச்சகத்துக்கு ஏழு பக்கம் எழுதினோம்.
பரிசீலனையில் உள்ளது.

செவ்வாய்க்கிழமை
பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், கையில் பாட்டில்.
படிக்கட்டுக்கடியில் இருந்தது, என்றாள்.
எண்ணினேன். நாற்பது.
அவள் போகவில்லை.
மூக்கில் அடிக்கிற மருந்து எனக்குத் தருவீர்களா?
தருவோம்.
தலையை எப்படிச் சாய்ப்பது,
எவ்வளவு நேரம் காத்திருப்பது,
சொல்லிக் கொடுத்தேன். ஒன்று போதாது, இரண்டு கொடுங்கள் என்றாள்.

பேனாவை எடுத்தேன்.
உங்கள் அம்மா பெயரில் முதலெழுத்து?

யோசித்தாள்.
எனக்கில்லை, மகனுக்கு.
அப்படியென்றால்
என் பெயரைத்தானே கேட்கிறீர்கள்?

ஆமாம், என்றேன்.

தெருமுனையை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு
ச, என்றாள்.
பிறகு, நான் கேட்காமலே,
முழுவதையும்.