ஒரு விரல் தடிப்பு

அறுபத்திரண்டு வீடுகள். ஒரே வரைபடம்.
ஒரு கதவு, இரண்டு யன்னல், மஞ்சள் பூச்சு.
கரண்ட் நின்ற ஒரு மாரி இரவில்
கச்சான் மூட்டையோடு வந்த என் மனுசன்
அடுத்த வளவுக் கதவைத் தள்ளித் திறந்து
"சோத்தைப் போடு" என்று குந்திவிட்டார்.
பவளராணி சோறு போட்டாள்.
பிறகுதான் விளக்கைக் கொளுத்தினாள்.
விசுவமடுவில் இதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதனால்தான் கல் ஒட்டினேன் என்றால்
பாதி உண்மை.
சீட்டு விழுந்தது, அது மற்றப் பாதி.

கிளிநொச்சிக் கடையில்
மாதிரிக்கு ஒரு பலகையில் ஒட்டி வைத்திருந்தார்கள்:
சாம்பல், தேன், நனைந்த பாறையின் கறுப்பு.
விரல் வைத்துப் பார்த்தேன்.
ஆறு அரித்த கல் போலச் சொரசொரத்தது.
எந்த ஆறு என்று கேட்டேன்.
கடைப் பெடியன் பெட்டியைத் திருப்பிக் காட்டினான்.
சீமெந்து, மணல், நிறத்தூள்.
"அச்சில வாத்தது அக்கா. பாரமும் இல்லை."

லான்மாஸ்ரரில் இருபத்தாறு பெட்டி வந்திறங்கியது.
அமலதாஸ் மேசன் முதலில் சுவரைக் கொத்தினான்.
தைப்பொங்கலுக்குத் தைப்பொங்கல் நான் பூசிய மஞ்சள்
செதில் செதிலாய்க் காலடியில் விழுந்தது.
"வழுக்கலில ஒண்டும் பிடிக்காது."

பிறகு எல்லாப் பெட்டியையும் ஒன்றாய் உடைத்து
முற்றம் முழுக்கப் பரப்பினான்.
ஒவ்வொன்றாய் எடுத்தால் என்ன என்றேன்.
"அச்சு எட்டுத்தான் அக்கா.
ஒன்பதாவது கல்லுக்கு முதல் கல்லின்ர முகம்.
ஒரே முகம் பக்கத்தில பக்கத்தில வந்தால்
பொய் பிடிபட்டிடும்."

குந்தியிருந்து தேடினேன்.
மூலையில் நகம் கீறினது போல வெடிப்புள்ள கல்
நாற்பத்து மூன்று.
நாற்பத்து மூன்றுக்கும் ஒரே இடத்தில் அதே கீறல்.
கலைத்துக் கலைத்து அடுக்கிக் கொடுத்தேன்.
எங்கள் வீதியைக் கீறினவர்
இவனிடம் ஒரு நாள் கையாளாய் நின்றிருக்கலாம்.

இரண்டாம் நாள் பின்னேரம்
சாந்தகப்பையோடு அப்படியே நின்றான்.
கதவுக்கு வலப்பக்கம், கண் மட்டத்தில்,
பளிங்குப் பலகை.
தந்தவர்களின் பெயர் மூன்று மொழியில்.
திறந்து வைத்தவரின் பெயர் அதைவிடப் பெரிது.
அடியில்: பயனாளி இலக்கம் 39.
"இதை என்ன செய்ய? சுத்தி வெட்டவோ, மூடவோ?"

"வெட்டு," என்றார் மனுசன்.
"நாளைக்கு ஆரும் வந்து கேட்டால்?"
"மூடு," என்றாள் வேலிக்கு மேலால் பவளராணி.
"உன்ர தோடு அடைவில போனது அதில எழுதியிருக்கோ?"

எழுதியிருக்கவில்லை.
முதல் கட்டக் காசு அத்திவாரத்தோடு முடிய
இரும்பு அச்சொன்றை இரவல் வாங்கி
சின்னவனை வயிற்றில் வைத்துக்கொண்டு
இந்த முற்றத்தில்தான் கல்லரிந்தேன்.
ஆயிரத்து அறுநூறு.
சாக்குப் போட்டு, தண்ணீர் தெளித்து,
மாடு மிதிக்காமல் காவலிருந்து.
அதுவும் அச்சுக்கல்தான்.
அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை.

கடைசியில் அமலதாஸ் வழி கண்டான்.
பலகைத் துண்டொன்றில் ஒன்பது கல்லை ஒட்டி
இரண்டு கொளுக்கியில் மாட்டிவிட்டான்.
"ஆரும் வந்தால் கழட்டுங்கோ. போனதும் கொளுவுங்கோ."
பாரமில்லாத கல். ஒரு கையால் கழற்றலாம்.

மூன்று வருசம். யாரும் வரவில்லை.
பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது.
நான் ஏதாவது சொன்னால் அது சரி என்கிறது.

காசு முன்சுவரோடு முடிந்தது.
மூலைக்கல் விலை கூட என்று விட்டுவிட்டோம்.
கிணற்றடியில் நின்று பக்கவாட்டில் பார்த்தால்
எல்லாம் தெரியும்:
ஒரு விரல் தடிப்பில் மலை,
அதற்குப் பின்னால்
நான் அரிந்த கல்.

நேற்றும் கரண்ட் நின்றது.
இருட்டில் யாரோ சுவரைத் தடவிக்கொண்டு வரும் சத்தம்.
சொரசொரப்பில் கை நின்றது.
நான் விளக்கைத் தேடவில்லை.
கோப்பையை எடுத்துச் சோற்றைப் போட்டேன்.