மஞ்சள் தகடு

ஸ்ரான்லி வீதியில் எங்கள் அச்சகம்.
இறந்தவரின் தம்பி பென்டிரைவை மேசையில் வைத்து
முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு,
நூற்றைம்பது பிரதி, அட்டை மட்டும் கலர் என்றார்.
தேவாரங்கள் போன மாதம் வேறு ஆருக்கோ அடித்ததே போதுமாம்.

படத்தைத் திறந்தேன்.
குலவீரசிங்கம், கொக்குவில் கிழக்கு.
வெள்ளைச் சேட்டு. பின்னால் நீலத் திரை.
சிரிக்கத் தொடங்கி, யாரோ கூப்பிட்டதுபோல்
பாதியில் நின்ற வாய்.

திரையில் இருப்பது வெளிச்சம்.
அதை மையாக்க வேண்டும்.
ஒரு முகத்தை நாலாய்ப் பிரித்து
நாலு தகட்டில் ஏற்ற வேண்டும்.

சயனை மட்டும் விட்டேன்:
திரைச்சீலை கறுத்து எழும்ப
முகம் தேங்காய்ப்பாலாய் வெளுத்தது.
மஜெந்தாவில் உதடு, காது,
அன்று காலை சவரக்கத்தி கீறிய இடம்.
கறுப்பில் கண்மடலும் மூக்கின் கீழ் நிழலும்;
மிச்சமெல்லாம் கடதாசி.

மஞ்சளில்தான்
இடது தோளில் நாலு விரல்.

ஸ்ரூடியோக்காரன் சேட்டின் வெள்ளையை எடுத்து
மேலே பூசியிருக்கிறான்.
நாலும் சேர்ந்திருக்கையில் ஒன்றும் தெரியாது.
தனியே பார்த்தால் ஒரு விரலின் அடியில்
வளையமாய்க் கொஞ்சம் கடுமை.
தங்கத்துக்கு மஞ்சள் கூட.
பிறகுதான் கண்டேன்,
திரையின் ஒரே மடிப்பு
பக்கத்தில் இன்னொரு தரம் வருகிறது,
ஓர் ஆள் நிற்கக்கூடிய அகலத்துக்கு.

தம்பிக்கு எடுத்தேன்.
"தோளில என்னவோ நிக்குது, துடைக்கவோ?"
அந்தப் பக்கம் ஒரு மோட்டார்சைக்கிள் போய் முடிந்தது.
"அது ஒருத்தருமில்லை" என்றார்.

நான் என்னவென்றுதான் கேட்டேன்.

புள்ளிகள் ஒன்றோடொன்று அடிபடாமலிருக்க
ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு சரிவு.
கறுப்பு நாற்பத்தைந்து பாகை,
சயன் பதினைந்து, மஜெந்தா எழுபத்தைந்து.
மஞ்சளுக்குச் சரிவே இல்லை.
அது எப்படி நின்றாலும்
எவர் கண்ணிலும் படாது என்பதால்.

அழிப்பானை எடுத்தேன்.
விரல்களின் மேல் வைத்து அளந்தேன்:
நூற்றுக்கு ஐந்து.
வெள்ளைத் தாளில் அவ்வளவு மஞ்சளை
மத்தியான வெயிலில் பிடித்தாலும்
பெற்ற தாய் காணமாட்டாள்.
காசு தருகிறவர் தம்பி.
படத்தில் சிரிக்கப் போனவர் அவரில்லை.

அழிப்பானை வைத்துவிட்டுத்
தகட்டுக்கு அனுப்பினேன்.

மெஷினடியிலிருந்து அலோசியஸ் கத்தினார்:
"பிள்ளை, மஞ்சள் தகட்டில ஊத்தை!"
"ஊத்தையில்லை. ஓட்டுங்கோ."
அவர் லென்ஸை வைத்துக் குனிந்து
கொஞ்ச நேரம் நிமிரவில்லை.
பிறகு மை உருளையைத் தட்டி ஓட்டினார்.

பின்னேரம் நூற்றைம்பது அட்டையும்
கட்டாய்க் கட்டிப் போயிற்று.
மஞ்சள் மட்டும் விழுந்த சோதனைத் தாள் ஒன்று
மேசையில் கிடந்தது.
வெறுந்தாள் என்று நினைத்து
தேத்தண்ணி கொண்டுவந்த பெடியன்
கோப்பையை அதன்மேல் வைத்தான்.

நான் கோப்பையை எடுத்து
அங்காலே வைத்தேன்.