நீர்நாய் பட்ட கால்சட்டை

சுபுஹு தொழுதுவிட்டு
காலாங் ஆற்றோரம் நடந்து வந்த கலந்தர்மேல்
கரையேறிய ஒன்று
உடம்பைச் சிலுப்பித் தெளித்துவிட்டதாம்.
வாசலிலேயே நிற்கிறார்,
உள்ளே கால் வைக்காமல்.

நாயா? என்றேன்.
நீர்நாய், என்றார்.
இருவரும் அந்தச் சொல்லின்
பின்பாதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் ஷாஃபி.
நான் ஹனஃபி.
துணி துவைக்கும் இயந்திரம் எந்த மத்ஹபும் இல்லை,
இன்னும் மூன்று மாதத் தவணை பாக்கி.
அதில் போடாதே, என்கிறார்.
ஏழு முறை அலச வேண்டும்,
ஒரு முறை மண் கலந்து.

பன்னிரண்டாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போக?
கீழே காகிதப்பூவுக்கடியில் இருப்பது
நகர மன்றத்து மண்.
போன வாரம்தான் கோழி எச்ச உரம் கொட்டினார்கள்,
அந்த மண்ணையே முதலில் கழுவ வேண்டும்.
கடற்கரை மணல்?
கப்பலில் வந்தது, எங்கே கிடந்ததோ, என்றார்.
அசுத்தம் என்று தெரியாதவரை சுத்தம்தான்,
இது உங்களுக்கும் எங்களுக்கும் பொது, என்றேன்.
பதில் இல்லை.

நர்சரியில் ஒரு பை வாங்கி வந்தேன்,
நாலு வெள்ளி எண்பது காசு.
மின்தூக்கியில் ஏறும்போது பின்பக்கம் படித்தேன்:
தென்னை நார், பெர்லைட், கொஞ்சம் கரி.
மண் என்று பெரிதாக எழுதிய பையில்
மண் இல்லை.

அதற்குள் கைலிக்கு மாறியிருந்தார்.
கால்சட்டை வாளியில்.
இடுப்பு வாரை மட்டும் கையில் தூக்கிப் பிடித்தபடி
தோலுக்கு மண் ஆகுமா என்று யோசனை.
அது செத்த மாடு.
பதனிட்டதும் சுத்தமாகி
ஆறு வருடமாக இவரோடு பள்ளிவாசலுக்குப் போய் வருகிறது.
உயிரோடிருக்கும் ஒன்று தெளித்த தண்ணீருக்கா
இத்தனை பாடு?

எதிர்வீட்டு ரொஹானி கதவைத் திறந்தாள்.
அவர் கைபேசியில் படத்தைக் காட்டினார்:
மீசை, சவ்வு விரல், வாயில் பாதி மீன்.
ஓ, மெமெராங், என்றாள்.
அதில் நாய் எங்கே? என்று கேட்டார் தமிழில்.
அவளுக்குப் புரியவில்லை,
சிரித்துவிட்டுக் குப்பையைக் கொட்டப் போனாள்.

கீரிக்குச் சொந்தமாம்,
பிறகு அவரே தேடிப் படித்துச் சொன்னார்.
தமிழில் ஒட்டியது
மலாயில் உதிர்ந்துவிட்டது.

இருந்தும் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம்.
எட்டிப் பார்த்தேன்.
ஒரே ஒரு முறை, என்றார்,
சும்மா பேருக்கு.
சொன்ன பிறகுதான் அவருக்கே சிரிப்பு வந்தது,
சோப்பு நுரையோடு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மூங்கிலில் கால்சட்டை சொட்டுகிறது.
பதினோராம் மாடிக்காரி கத்தப் போகிறாள்.

பையை வீணாக்க மனமில்லை.
ஈரச் சந்தையில் வாங்கிய புதினாக் காம்புகளில்
நாலைந்தை ஊன்றி வைத்தேன்.
மூன்று வாடிவிட்டன.
ஒன்று மட்டும் அந்த நாரையும் கரியையும்
மண்ணென்றே நம்பி
இலை விட்டிருக்கிறது.