ஐஸ் பெட்டியின் வலப்பக்கம்

கடியபட்டணத்தில் விடியுமுன்பே பங்கு பிரிப்பார்கள்.
டீசல் முதலில், அடுத்து ஐஸ்,
ஏலக்காரரின் நூற்றுக்கு எட்டு,
பிறகு படகுக்கு, பிறகு வலைக்கு,
மீதியில்தான் ஆட்கள்.
வியாகுலம் மச்சான் எழுதுவது
கூட்டுறவு வங்கி கொடுத்த போன வருடத்து டைரியில்.
பக்கத்தில் கவிழ்த்த கூடைமேல் மடிக்கணினியோடு நான்.

என் கணக்கும் அதேதான்.
ஒரு புரோட்டான், பேர் சொல்ல மூன்று குவார்க்,
ஓடும் ஓட்டத்தில் யாருக்கு எவ்வளவு?
ஆளுக்கு மூன்றில் ஒன்று என்று நினைத்தால் ஏமாந்தோம்.
மூவரும் சேர்ந்தும் பாதியைத் தொடுவதில்லை.
ஒட்டவைக்கும் பசை ஒரு பாதியைத் தின்றுவிடுகிறது,
மின்னூட்டமில்லாத பசை,
எலெக்ட்ரான் கண்ணில் படாத பசை.
மிச்சத்தில்
தோன்றித் தோன்றி மறைகிற ஒரு கூட்டம்.
எங்கள் துறையில் அதற்குப் பெயர் கடல்.
சத்தியமாய், நான் வைத்த பெயரில்லை.

"உத்துப் பாத்தா ஆளு கொறையுமா கூடுமா?" என்றார் மச்சான்.
கூடும். எவ்வளவு அழுத்திப் பார்க்கிறோமோ
அவ்வளவு சின்னப் பங்குக்காரர்கள் கிளம்புவார்கள்.
"அப்போ நம்ம கடன் மாதிரிதான்."
கூட்டினால் மட்டும் ஒன்று வரவேண்டும்.
வராத ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கமில்லை.

ஆனால் நான் தேடுவது இந்தப் பங்கில்லை.

குவார்க்குக்கும் கை உண்டு, வலக்கை, இடக்கை.
நிறையே இல்லையென்றால்
எத்தனை அடிபட்டாலும் கை மாறாது.
நிறை ஏறினால்தான் மாறும்.
இதை முதலில் படித்த அன்று
வகுப்பில் உட்கார்ந்து என் இடது புறங்கையைத் தடவினேன்.
மணவாளக்குறிச்சி, ஒன்றாம் வகுப்பு, மர ஸ்கேல்.
என்ன எடை இருந்திருக்கும், இருபது கிராம்?
அதற்கே என் கை மாறிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கறுப்பு மணல்.
அதற்குள் தோரியத்தின் வாரிசுகள் சில
உடையும்போது உதிர்க்கிற எலெக்ட்ரான்
பெரும்பாலும் இடக்கை.
அதை யாரும் அடித்துத் திருத்தவில்லை.

குறுக்கே திரும்பிய புரோட்டானுக்குள்
குறுக்கே திரும்பிய குவார்க்குகள் எத்தனை என்று ஒரு கணக்கு.
அதில் இடக்கையாய் நுழைவது
வலக்கையாய் வெளியே வரவேண்டும்.
தெறித்து வரும் எலெக்ட்ரானை மட்டும் எண்ணினால்
பூஜ்யம் என்றே காட்டும்.
இல்லாமலில்லை. தனியாக வராது, அவ்வளவுதான்.
எதிரில் இன்னொரு புரட்டல் நிற்கவேண்டும்,
இரண்டும் பெருகினால் திரையில் ஒரு சாய்வு விழும்.
எட்டு வருடமாய் அந்தச் சாய்வின் பின்னால் அலைகிறேன்.
என் பிழைக்கோடுகள் இன்னும் வலைக்கயிற்றுத் தடிமன்.

டெல்பின் நெத்திலிப் பெட்டிக்கு ஒரு கை கேட்டாள்.
முட்டத்திலிருந்து ஏலம் எடுக்க வருகிறவள்.
வலக்கையால் எழுதுவாள், வலக்கையால் காசு எண்ணுவாள்.
நானும் அப்படித்தான்.
நாலு வருடமாய்ப் பார்க்கிறோம்,
ஒருத்தியிடம் இன்னொருத்தி பார்க்க ஒன்றுமில்லை.

பெட்டி தூக்க யாரைக் கூப்பிட்டாலும்
வலக்கைக்கு வாகாய் இடப்பக்கம் ஓடுவார்கள்.
வலப்பக்கம் எனக்கென்றே காலியாய்க் கிடக்கும்.
சண்டையில்லை, சத்தமில்லை, யாருக்கும் தெரியாது.
அன்று அங்கே
அவளும் குனிந்தாள்.

மண்டையும் மண்டையும் மோதி
பெட்டி சரிந்து
மணலெல்லாம் வெள்ளி.

"ஏட்டி, நீயுமா?"

புறங்கையைக் காட்டினேன். அவள் தன்னுடையதை நீட்டினாள்.
அவளுக்கு ஸ்கேல் இல்லை,
சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஈர்க்குச்சி.
நெற்றி புடைத்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்க
மச்சான் டைரியைத் திறந்தார்,
பேனாவை உதறினார், கேட்டார்:

"சிந்தின நெத்திலிய
நான் யாரு பங்குல எழுத?"