ஆதாயம் இரண்டு, விரயம் பதினான்கு

மில்டனில், நானூற்றொன்றாம் நெடுஞ்சாலை ஓரம்,
ஜன்னலே இல்லாத கிடங்கில் எனக்கு வேலை.
வாங்கியவர்கள் வேண்டாமென்று அனுப்புவதை
வெட்டித் திறந்து, காரணம் வாசித்து,
நாலு கூடையில் ஒன்றில் போடவேண்டும்:
மறுபடி விற்கலாம்,
மலிவாய் விற்கலாம்,
உதிரிப் பாகம்,
குப்பை.

டிசம்பர் இருபத்தெட்டு.
வெளியே சைபருக்குக் கீழே பத்தொன்பது.
தலைமை அலுவலகம் ஒரு தாள் அனுப்பியிருக்கிறது:
வரும் வருடம் மக்கள் என்ன வாங்குவார்கள்?
சரியாகச் சொல்பவருக்கு நூறு டொலர் பரிசு அட்டை.
றொவீனா "மடிக்கிற போன்" என்று எழுதிவிட்டாள்.
டெஸ்ஃபாயே, நாடி பார்க்கிற மோதிரமாம்.
நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பஞ்சாங்கத்தில் வருடப் பலன்
ராஜாவில் தொடங்கி மழையில் முடியும்.
எனக்குத் தெரிந்த ஆரூடம் அதுதான்.

ராஜா, பேட்டரி.
காலையில் நூறு வீதம், பின்னேரம் பதினொன்று,
இந்தக் குளிரில் அதுவும் இல்லை.
மந்திரி, சார்ஜர்.
பெட்டிக்குள் இருக்கமாட்டார்,
தனியே காசு கொடுத்து அழைக்கவேண்டும்.
சேனாதிபதி, கடவுச்சொல்.
வீட்டுக்காரனையே வாசலில் மறிப்பார்.
மேகத்தில் மழை நிறைய உண்டு,
இறக்கிக்கொள்ள மாதம் பன்னிரண்டு டொலர்.

மூக்குக் கண்ணாடி வரும்,
எதிரே நிற்பவரின் பெயரைக் காதில் சொல்லும்.
மார்ச் மாதம் எங்களிடம் வரும்.
காரணம்: முந்தைய மனைவியின் பெயரைச் சொன்னது, சத்தமாக.
முட்டை எண்ணுகிற ஃபிரிட்ஜ் வரும்,
தீர்ந்ததென்று தானே கடைக்குச் சொல்லி
ஒரு வீட்டில் நூற்றிருபது முட்டை இறக்கும்.
அது திரும்பி வராது.
கனம்.

படிவத்தில் காரணங்கள் மூன்றுதான்:
அளவு பிழை, பழுது, மனம் மாறியது.
அநேகமானோருக்கு மனம்தான் மாறுகிறது.
சிலர் மட்டும் கீழே பேனாவால் எழுதுவார்கள்.
"இரவில் தானாகக் கதைத்தது."
"நான் நித்திரை கொள்வதில்லை என்பது
எனக்கே தெரியும், இதற்கு எதற்கு முந்நூறு டொலர்."

இதை எழுதும்போது பட்டியில் அடுத்த பெட்டி வந்தது.
சட்பரியிலிருந்து. உள்ளே வெள்ளை வட்டு,
தேங்காய்ப் பாதியளவு.
காரணம் எழுதும் இடம் வெறுமை.
முப்பது விநாடி இயக்கிப் பார்க்கவேண்டும், அது விதி.
செருகினேன். நீல வெளிச்சம் ஒரு சுற்று.
பிறகு, வோல்ட்டர், குளிசை போட்டீர்களா, என்றது.

"போட்டாச்சு."
வாய் முந்திவிட்டது, தமிழில்.
விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள், என்றது.
ஆம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.
நல்லது, என்றது.
அதன் வெளிச்சம் மெல்லத் தணிந்தது.
பதினெட்டு விநாடி மிச்சம் இருந்தது,
இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

பின்பக்கத் துளையில் ஊசியை விட்டு
ஐந்து எண்ணும்வரை அழுத்தினால்
எல்லாம் அழிந்துவிடும். அழுத்தினேன்.
எட்டுவரை எண்ணினேன், ஏனோ.
கீறல் இல்லை, கறை இல்லை:
முதலாம் கூடை.

தாளில் கடைசியாக இதைத்தான் எழுதினேன்:
மக்கள் எதையும் வாங்குவார்கள், மார்ச் வரை.
ஆதாயம் இரண்டு, விரயம் பதினான்கு.
இப்படிக்கு, சுகிர்தமலர், இரவு வேலை.

விடிய ஐந்தரைக்கு வாகனத் தரிப்பிடம்.
உள்ளிருந்தபடியே காரை இயக்கலாம் என்ற செயலி
புதுப்பித்துக்கொண்டிருந்தது, நாற்பத்திரண்டு வீதம்.
முன்கண்ணாடியில் விரல் மொத்தத்துக்கு உறைபனி.
சுரண்டியை வீட்டில் விட்டிருந்தேன்.
கைப்பையைத் துழாவினால்
போன வருடம் நான் வென்ற பரிசு அட்டை,
காசு தீர்ந்தது, விளிம்பு இன்னும் கூர்.
அதால் சுரண்டினேன்,
ரோட்டுத் தெரியுமளவுக்கு.