பூச்சியம் காட்டும் வரை

கரடிப்போக்குச் சந்திக்கு இந்தப் பக்கம்
மூன்று மாடி, முழுக்க நீலக் கண்ணாடி.
லீசிங் கொம்பனி.
விடிய ஐந்தரைக்கு பட்டாவில் வந்து இறங்குவோம்,
நானும் பிறேமிளாவும்.
வெயில் ஏறினால் தண்ணீர் பாதி வழியிலேயே
கோடு கோடாய்க் காய்ந்துவிடும்.
பிறகு நிமலகாந்தன் போனில் படம் பிடித்து அனுப்பி
இது என்ன, இது என்ன என்பார்.

முதல் வேலை மீற்றர்.
தாங்கித் தண்ணீரில் அதன் நுனியை நனைத்து
பூச்சியம் காட்டும் வரை பார்த்திருக்க வேண்டும்.
உப்பில்லை, சுண்ணாம்பில்லை, ஒன்றுமில்லை என்று
அது சொன்னால்தான் கண்ணாடிக்குத் தண்ணீர்.
ஒருநாள் விளையாட்டாய்
என் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து
விட்டுப் பார்த்தேன்.
ஆயிரத்து நூற்றுப் பதினாறு.
பிறேமிளா சிரிக்கவில்லை.
அவளின் அண்ணர் கிழமைக்கு இரண்டுதரம்
வவுனியாவுக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்.

பிறகு தடி.
காபன் தடி, ஐந்து துண்டு,
ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருக்கும்.
இழுத்து இழுத்துப் பூட்டினால் முப்பத்தைந்து அடி.
உச்சியில் பிரஷ், பிரஷ்ஷுக்குள் இரண்டு துளை.
குழாய்த் தண்ணீர் தடியோடு ஏறி
மூன்றாம் மாடியில் தூறும்.
நான் நிலத்தில் நிற்பேன்.

நிலம் எனக்குத் தெரிந்த இடம்.
பதினொரு வருடம் முகமாலையில் முழங்காலில் இருந்தேன்.
முகத்துக்கு முன் கவசம், கையில் குட்டைத் தடி,
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம் மண்.
கருவி கத்தினால் நில்.
கத்தாவிட்டால் ஒரு சாண் முன்னுக்கு.
திட்டத்துக்குக் காசு முடிந்த அன்று
ஒரு சான்றிதழும் ஒரு சோற்றுப் பார்சலும் தந்தார்கள்.
பார்சலில் முட்டை இருந்தது.

குனிந்தே பழகிய கழுத்து
இப்ப அண்ணாந்து.
முதல் மாதம் இரவில் படுத்தால்
முகட்டுத் தகரம் சுற்றும்.
பிறேமிளா சித்தாலேப பூசிவிட்டுச் சொன்னாள்:
"ரெண்டு பக்கமும் வளைச்சாச்சு அக்கா,
இனி நேராகிடும்."

இன்றைக்கு மூன்றாம் மாடி, இடமிருந்து நாலாவது கண்ணாடி.
ஆள் உயரத்தில் ஒரு கறை.
வெள்ளையாய், மூன்று இழுப்பு.
மேலும் கீழும் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தேன்.
தடியின் பாரம் தோளில் இருந்து இறங்கி இறங்கி
உள்ளங்கையில் வந்து குந்தியது.
விட மனமில்லை.
ஒரு விரல் அகலம் விட்டுப்போனாலும்
அது ஒருத்தரின் கால் என்று
பதினொரு வருடம் சொல்லித்தந்த பிடிவாதம்.

பிறேமிளா வீதிக்கு அங்கால போய் நின்று பார்த்தாள்.
ஒரு பஸ் போகும்வரை பொறுத்துக் கத்தினாள்:
"அக்கா, அது உள்ளுக்கை!"

உள்ளுக்கை.
கட்டுக்காசு பிந்தினவர்களைக் கூப்பிட்டு
இருத்தி வைக்கிற மாடி அது.
ஆரோ திருநீற்று நெற்றியைக்
கண்ணாடியில் சாய்த்து நின்றிருக்கினம்.
பிடிபட்ட தங்கள் உழவு இயந்திரம்
பின்வளவில் நிற்கிறதா என்று பார்க்க,
அல்லது சும்மா,
ஏ ஒன்பதில் போகிற வருகிறதுகளைப் பார்க்க.

உள்பக்கம் எங்களுடைய கொன்ராக் இல்லை.
தடியை ஒவ்வொரு துண்டாய் உள்ளே தள்ளிப் பூட்டினேன்.
துடைக்காமலே தண்ணீர் வடிந்து காய்ந்தது.
கண்ணாடி இருந்த இடத்தில்
கண்ணாடி இல்லாததுபோல் வானம்.
அந்த நெற்றி மட்டும்
வானத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

தாங்கியில் மிஞ்சினதை
நிலத்தில் ஊற்றிவிடச் சொல்லித்தான் உத்தரவு.
நான் கானில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
அடியில் வெள்ளைக் காரை பிடித்த கேத்தலில்
அதைக் கொதிக்கவைத்துத் தேத்தண்ணி போட்டேன்.
மகள் ஒரு மிடறு குடித்தாள்.
கோப்பைக்குள் பார்த்தாள்.
"அம்மா, இதில ஒண்டுமே இல்லை."

மறுகேத்தலுக்கு
பாதி கிணற்றுத் தண்ணீர் விட்டேன்.
குடித்தாள்.
மீற்றர் பட்டாவிலேயே கிடந்தது.